பழைய ஆங்கிள் கிரைண்டரை ரிப்பேர் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கார்பன் மட்டும் மாத்தினா போதும், மத்தபடி கண்டிஷன் சூப்பர்." ஆன்லைனில் விற்பனைக்கு வரும் பழைய கிரைண்டர், டிரில், மார்பிள் கட்டர் எதை எடுத்தாலும் விளம்பரத்தில் இந்த வரி இருக்கும். (கார்பன் என்பது மோட்டாரின் சுழலும் பாகத்தைத் தொட்டு அதற்குக் கரண்ட் கொடுக்கும், தேய்ந்துபோகும் சின்னக் கட்டி.) இதை நம்பி வாங்கி, பார்சல் வந்த அன்றே திறந்து, சில நாள் கழித்து ஒரு பிளாஸ்டிக் கவரில் பாகம் பாகமாகப் போட்டு எடுத்து வரும் பையன்களை அடிக்கடி பார்க்கிறேன். நான் தொழில் பழகிய காலத்தில் செய்த அதே தப்புகளைத்தான் இவர்களும் செய்கிறார்கள். அதனால் எங்கே சறுக்குவார்கள் என்று முன்கூட்டியே தெரிகிறது.

பிளக்கைப் பிடுங்காமல் திறப்பது, ஸ்குரூவைத் தொலைப்பது, திறக்கும் முன் போட்டோ எடுக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அதெல்லாம் யாரும் சொல்லாமலே புரியும். பார்த்தால் சரியாகச் செய்வதுபோலவே தெரிந்து, கடைசியில் பணத்தைத் தின்னும் தவறுகள்தான் இங்கே.

விற்றவர் சொன்ன பாகத்தை முதலில் வாங்குவது

விற்றவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல வரவில்லை. பல நேரம் அவருக்கே தெரியாது. யாரோ ஒரு எலக்ட்ரீஷியன் சொன்னதை அப்படியே எழுதியிருப்பார். கையில் பணத்தை எடுக்கும் முன் மெஷினைத் திறந்து, ஒயரில் ஆரம்பித்து ஸ்விட்ச், ஃபீல்டு காயில் (அசையாமல் சுற்றிலும் இருக்கும் கம்பிச் சுருள்), கார்பன், ஆர்மேச்சர் (நடுவே சுழலும் பாகம்) என்று கரண்ட் போகும் வழியிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போங்கள். "செத்துப்போச்சு" என்று வரும் மெஷின்களில் கணிசமானவற்றில் ஒயர்தான் அறுந்திருக்கும். கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில், ரப்பர் உறைக்குள், வெளியே தெரியாமல் உள்ளே செம்பு மட்டும் விட்டுப்போயிருக்கும். மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, அந்த இடத்தில் ஒயரை இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். பீப் சத்தம் விட்டு விட்டு வந்தால் கோளாறு அங்கேதான்.

எரிந்த ஆர்மேச்சரை மட்டும் மாற்றுவது

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்ற தவறுகளில் நூறு, இருநூறு போகும். இதில் மெஷின் வாங்கிய விலையே போய்விடும். ஐந்து நிமிடம் செலவு செய்திருந்தால் தடுத்திருக்கலாம் என்பதுதான் இன்னமும் எனக்கு ஆறாத எரிச்சல்.

வெல்டிங் கடையில் வேலை பழகும் ஒரு பையன், சொந்தமாக ஒரு மெஷின் இருக்கட்டும் என்று ஆன்லைனில் 4 இன்ச் ஆங்கிள் கிரைண்டர் ஒன்றை மலிவாக வாங்கினான். திறந்தால் ஆர்மேச்சர் கருகியிருந்தது. புதுசு வாங்கிப் போட்டான். என்னிடம் வரும்போது அவன் கையில் மூன்று ஆர்மேச்சர்கள். மூன்றுமே கருகியவை.

"அண்ணே, முதல்ல போட்டது பத்து நிமிஷத்துல புகைஞ்சிருச்சு. டூப்ளிகேட் பீஸ் போலன்னு நினைச்சு ஒரிஜினலே வாங்கிப் போட்டேன். அதுவும் போயிருச்சு."

"போட்டதும் எப்படி ஓடுச்சு தம்பி?"

"சூப்பரா ஓடுச்சுண்ணே. கடையில இருக்கிற இதே மாடலைவிட ஸ்பீடு ஜாஸ்தி."

கோளாறு எங்கே என்பதை அந்தப் பதிலிலேயே அவன் சொல்லிவிட்டான். இந்த மாதிரி கார்பன் வைத்த மோட்டாரில் ஃபீல்டு காயிலும் ஆர்மேச்சரும் சீரிஸில் இருக்கும். ஒரே கரண்ட் இரண்டு வழியாகவும் ஓடும். ஃபீல்டு காயிலில் சில சுற்றுகளில் கம்பியின் மேல்பூச்சான வார்னிஷ் போய் ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட் ஆகிவிட்டால், அது உண்டாக்கும் காந்தப்புலம் பலவீனமாகும். புலம் பலவீனமானால் சும்மா ஓடும்போது மோட்டார் வேகம் கூடும். வேலையில் வைத்து அழுத்தினால் தேவையான இழுவையைக் கொடுக்க வழக்கத்தைவிட அதிகக் கரண்டை இழுக்கும். அந்தக் கரண்ட் முழுக்க ஆர்மேச்சரின் மெல்லிய கம்பிகள் வழியாகத்தான் போயாக வேண்டும். புது ஆர்மேச்சர், பழைய ஆர்மேச்சர், ஒரிஜினல், லோக்கல் எதுவும் அதைத் தாங்காது.

அவன் மெஷினில் ஃபீல்டைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினேன். இரண்டு காயில்களில் ஒன்று தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தது. இன்னொன்றின் உள்பக்கம் காபிக்கொட்டை நிறத்துக்குப் போய், மேலே சுற்றியிருந்த டேப் விரலால் தொட்டதும் பொடிந்தது. மீட்டரில் ஒன்று 3.1 ஓம், மற்றது 2.3 ஓம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்திருக்க வேண்டும்.

சோதிக்கும் முறை இதுதான். இரண்டு காயில்களின் முனைகளையும் ஸ்விட்சிலிருந்தும் கார்பன் ஹோல்டரிலிருந்தும் கழற்றிவிட்டுத் தனித்தனியாக அளக்க வேண்டும். அதற்கு முன் மீட்டரின் இரண்டு புரோப்களையும் ஒன்றோடொன்று தொட வைத்து, வரும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண மீட்டரில் புரோப் ஒயரே 0.2, 0.3 ஓம் காட்டும். அதைக் கழிக்காமல் விட்டால் இவ்வளவு சின்ன அளவில் கணக்கு தப்பிவிடும். இரண்டுக்கும் நடுவே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் நான் அந்த ஃபீல்டை மறுபடி போடுவதில்லை.

மீட்டர் மேல் நம்பிக்கை இல்லையா? இரண்டு காயில்களையும் சீரிஸில் இணைத்து, 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒரு கார் ஹெட்லைட் பல்ப் வழியாகக் கரண்டைக் கொடுங்கள். இப்போது ஒவ்வொரு காயிலின் குறுக்கேயும் எத்தனை வோல்ட் விழுகிறது என்று பாருங்கள். இரண்டு வழியாகவும் ஓடுவது ஒரே கரண்ட் என்பதால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ஓமில் சரியாகப் பிடிபடாத வித்தியாசம் இதில் தெளிவாகத் தெரியும். ஆர்மேச்சரையும் இதே முறையில் பார்க்கலாம். கம்யூட்டேட்டரில், அதாவது ஆர்மேச்சரில் கார்பன் தொடும் செம்புப் பட்டைகள் உள்ள இடத்தில், எதிரெதிரே உள்ள இரண்டு பட்டைகளில் கரண்டைக் கொடுத்து, பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளுக்கு நடுவே அளந்துகொண்டே சுற்றி வந்தால், எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு வரும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சட்டென்று இறங்கினால் அங்கே ஷார்ட். சட்டென்று ஏறினால் அங்கே கம்பி விட்டிருக்கிறது.

ஒன்றிரண்டு சுற்று மட்டும் ஷார்ட் ஆகியிருந்தால் எந்த மீட்டரிலும் அகப்படாமல் போகலாம். அப்போது கண்ணையும் மூக்கையும்தான் நம்ப வேண்டும். ஒரு காயில் மட்டும் நிறம் மாறியிருந்தாலோ, கருகிய வார்னிஷ் வாசனை அடித்தாலோ ஃபீல்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஆர்மேச்சர் விலையோடு பார்த்தால் இது பெரும்பாலும் குறைவாகத்தான் வரும்.

ஃபீல்டு நல்லது என்று உறுதியானாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். பழைய ஆர்மேச்சர் எதனால் எரிந்தது என்று பதில் கிடைக்கும்வரை புதுசை வாங்க வேண்டாம். கியர் கையால் சுற்றும்போது இறுக்கமாக இருக்கிறதா, பின்பக்கக் காற்றுத் துவாரங்கள் இரும்புத்தூளும் கல்தூளும் அடைத்துக் கிடக்கின்றனவா, ஆர்மேச்சரின் இரும்புப் பகுதியில் ஒரு பக்கமாகத் தேய்ந்த பளபளப்பான தடம் இருக்கிறதா என்று பாருங்கள். தடம் இருந்தால் பேரிங் ஆடி, ஆர்மேச்சர் ஃபீல்டின் மேல் உரசியிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம், புது ஆர்மேச்சரை வாங்கும்போது பழையதைக் கடைக்கு எடுத்துப் போங்கள். பல்லின் எண்ணிக்கை, ஃபேனின் விட்டம், கம்யூட்டேட்டரின் நீளம் மூன்றும் பொருந்த வேண்டும். இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பாருங்கள். புதுசு வெயிட் தெளிவாகக் குறைந்தால் உள்ளே செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றியிருக்க வாய்ப்பு உண்டு. கம்பி கம்யூட்டேட்டர் கொக்கியில் மாட்டும் இடத்தில் லேசாகச் சுரண்டினால் செம்பு நிறமா வெள்ளையா என்று தெரிந்துவிடும்.

வோல்டேஜ் பார்க்காமல் சொருகுவது

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய டூல்கள் இங்கே நிறையவே கைமாறுகின்றன. ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட். பிரிட்டனில் வீட்டுக்கு நம்மைப்போல 230 என்றாலும், கட்டட வேலை நடக்கும் இடத்தில் மஞ்சள் பிளக் வைத்த 110 வோல்ட் டூல்கள்தான் ஓடும். நடுவில் யாராவது அந்த பிளக்கை வெட்டிவிட்டு நம்ம ஊர் பிளக்கை மாட்டியிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. சொருகி ஸ்விட்சை அழுத்தினால் பயங்கர வேகத்தில் சீறி, சில நொடிகளில் புகை வந்துவிடும்.

பணம் அனுப்பும் முன் நேம்பிளேட் போட்டோ கேளுங்கள். 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பது கார்பன் வைத்த மோட்டாருக்குப் பெரிய விஷயமில்லை. வோல்ட் சரியாக இருக்க வேண்டும். நேம்பிளேட் தேய்ந்து போயிருக்கிறது, கிழிந்துவிட்டது என்றால் அந்த மெஷினை விட்டுவிடுங்கள். இப்படிப்பட்ட மெஷினை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மெஷினின் வாட்டைவிடத் தாராளமாக வாங்குங்கள்.

டிஸ்க்கை மறைக்கும் பாதுகாப்பு கார்டைக் கழற்றி வைத்து டெஸ்ட் செய்வது

செய்யாதீர்கள். 11,000 ஆர்பிஎம்மில் உடையும் டிஸ்க் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கார்பன் விஷயத்தில் அவசரப்படுவது

சில மெஷின்களில் ஆட்டோ ஸ்டாப் கார்பன் இருக்கும். கார்பனுக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங்கும் இன்சுலேஷன் முனையும் ஒளிந்திருக்கும். கார்பன் கடைசி அளவுக்குத் தேய்ந்ததும் அந்த முனை வெளியே தள்ளி, கம்யூட்டேட்டரைத் தொடவிடாமல் கார்பனைத் தூக்கிவிடும். வேலை நடுவே மெஷின் ஒரு சத்தமும் இல்லாமல் நின்றுவிடும். மோட்டார் போய்விட்டது என்று நினைத்து அரை விலைக்கு விற்றுவிடுவார்கள். இப்படிப்பட்ட மெஷின் கிடைத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இரண்டு கார்பனையும் ஜோடியாக மாற்றினால் போதும்.

அளவு கிடைக்கவில்லை என்று பெரிய கார்பனை அரத்தில் தேய்த்துப் போடுவதுதான் தவறு. கொஞ்சம் டைட்டாக இருந்தால் ஹோல்டரில் சிக்கி நிற்கும். கொஞ்சம் லூசாக இருந்தால் சாய்ந்து ஆடும். இரண்டிலும் பொறி பறக்கும், கம்யூட்டேட்டர் குழி விழும். புதுக் கார்பன் போட்டதும் கொஞ்ச நேரம் லோடு இல்லாமல் ஓடவிடுங்கள். முனை கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் படிய வேண்டும். அதுவரை பொறி சற்று அதிகமாகத்தான் இருக்கும். கார்பன் முனையில் மட்டும் சின்ன நீலப் பொறி தெரிந்தால் பயப்பட வேண்டாம். கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால் உடனே நிறுத்துங்கள். அது ஆர்மேச்சர் கோளாறு, கார்பன் மாற்றித் தீராது.

கம்யூட்டேட்டரைச் சுத்தம் செய்ய எமரித் தாளை எடுக்க வேண்டாம். எமரியில் இரும்புத்தாதுத் துகள் கலந்திருக்கும். அது பட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தால் ஷார்ட். மிக நைசான மரவேலை உப்புத்தாள் போதும். தேய்த்த பிறகு பட்டைகளுக்கு நடுவே உள்ள கோடுகளைக் கூரான முனையால் கீறித் தூசியை எடுத்துவிடுங்கள்.

ஸ்விட்சை பைபாஸ் செய்வது

ஸ்விட்ச் போனால் ஸ்விட்ச் வாங்குங்கள். ஸ்விட்ச் இல்லாமல் ஒயரை நேராக இணைத்துவிட்டால், கரண்ட் போய்த் திரும்ப வரும்போது தரையில் கிடக்கும் மெஷின் தானாக ஓட ஆரம்பிக்கும்.

கிரீஸை அமுக்கி அடைப்பது

ரோட்டரி ஹேமர் (அடித்துக்கொண்டே துளை போடும் டிரில்) சுற்றுகிறது, ஆனால் அடிக்கவில்லை என்று வாங்கியவர்கள் முதலில் செய்வது இதுதான். திறந்து, உள்ளே காய்ந்திருக்கிறது என்று ஒரு டப்பா கிரீஸைக் கொட்டிவிடுவார்கள். இந்த மெஷினில் பிஸ்டனுக்கும், அடியைக் கொடுக்கும் ஸ்டிரைக்கருக்கும் நடுவே காற்றுதான் இருக்கிறது. பிஸ்டன் காற்றை அழுத்தும், காற்று ஸ்டிரைக்கரைத் தள்ளும். அந்த இடத்தில் கிரீஸ் நிரம்பினால் அடி வராது. அடி வராததற்குப் பெரும்பாலும் காரணம் அங்கே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து கல்லாக இறுகியிருக்கும், அல்லது வெட்டுப்பட்டிருக்கும். விலை மிகக் குறைவு. பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துவிட்டு, ஓ-ரிங் மாற்றி, சிலிண்டருக்குள் மெல்லிய பூச்சு மட்டும் கொடுங்கள்.

கிரைண்டர் கியர் பெட்டியிலும் இதே கதைதான். மிஞ்சிய கிரீஸ் சூடாகி இளகி, பேரிங்கைத் தாண்டி மோட்டார் பக்கம் வரும். தூசியோடு சேர்ந்து காற்று வழியை அடைக்கும். பல் மூழ்கும் அளவுக்கு இருந்தால் போதும்.

செத்த லித்தியம் பேட்டரியை இன்னொரு பேட்டரி வைத்துத் தட்டி எழுப்புவது

தீப்பிடிக்கும் வேலை. கார்ட்லெஸ் வாங்கினால் பேட்டரி இல்லாத விலைக்குப் பேசி, பேட்டரியைப் புதிதாக வாங்குங்கள்.

பேரிங்கைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவது

கையில் சுற்றும்போது எல்லா பேரிங்கும் நன்றாகத்தான் சுற்றும். ஒரு விரலால் உள்வளையத்தைப் பிடித்து, வெளிவளையத்தை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் மாற்ற வேண்டும். ஆன்லைனில் வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. மெஷினை ஓடவிட்டு, ஆஃப் செய்து, முழுக்க நிற்கும்வரை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மோட்டார் சத்தம் அடங்கிய பிறகு பேரிங் சத்தம் தனியாகக் கேட்கும். கரகரவென்று நின்றால் பேரிங் செலவையும் கழித்து விலை பேசுங்கள்.

மாற்றும்போது புது பேரிங்கைச் சுத்தியலால் வெளிவளையத்தில் தட்டி ஷாஃப்டில் ஏற்றாதீர்கள். குண்டுகள் பள்ளம் பதித்துவிடும். உள்வளையத்தின் அளவுக்கு ஒரு பைப் துண்டை வைத்து நேராக இறக்குங்கள். கடையில் அளவைக் கையால் காட்டாமல், பழைய பேரிங்கில் அச்சாகியிருக்கும் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். சின்ன கிரைண்டர்களின் பின்பக்கத்தில் அடிக்கடி 607 வரும்: துளை 7, வெளிவிட்டம் 19, அகலம் 6 மில்லிமீட்டர். 627-க்கும் துளை அதே 7தான், ஆனால் வெளிவிட்டம் 22. ஷாஃப்டில் ஏறும், ஹவுசிங்கில் உட்காராது.