பழைய தாள்களில் ஓர் ஏரிக்கரை: வீட்டிலேயே ஒட்டுச்சித்திரம் செய்யும் முறை

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் தேதியன்று சுவரிலிருந்து இறக்கப்படும் பழைய நாட்காட்டியின் அட்டையை நான் எறிவதில்லை. 365 தாள்களும் கிழிக்கப்பட்ட பிறகு மிஞ்சும் அந்தத் தடித்த அட்டை, ஒட்டுச்சித்திரம் செய்யப் பழகுபவருக்கு மிகவும் ஏற்ற அடித்தளம். கடையில் வாங்கும் மில் போர்டுக்கு நிகரான உறுதி அதில் உண்டு; பாழானாலும் மனம் வருந்தாது. இந்தப் பதிவில் அத்தகைய ஓர் அட்டையின் மேல், ஏரிக்கரையில் மூன்று பனைமரங்கள் நிற்கும் காட்சியை, வீட்டில் கிடக்கும் தாள்களைக் கொண்டும் சிறிது வண்ணத்தைக் கொண்டும் உருவாக்கும் முறையை விளக்குகிறேன். ஏ4 தாளின் அளவு போதும். இரண்டு மாலைப் பொழுதுகள் தேவைப்படும்; இடையில் ஓர் இரவு பசை காய வேண்டும்.

கொலாஜ் என்று பரவலாக அழைக்கப்படும் இக்கலையின் பெயர், ஒட்டுதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஒட்டிய தாள்களின் மேல் வண்ணம், மெழுகுக்கட்டி, பேனா, நூல் முதலியவற்றையும் சேர்க்கும்போது அது கலப்பு ஊடகச் சித்திரம் ஆகிறது. தமக்கு வரையத் தெரியாது என்பதால் இதில் இறங்கத் தயங்குபவர்கள் பலர். என் அனுபவத்தில், தொடக்கநிலையில் செய்யப்படும் படைப்புகள் கெட்டுப்போவதற்கு வரையத் தெரியாமை காரணமாக இருப்பதே அரிது. தாளுக்கும் நீருக்கும் உள்ள உறவை அறியாமல் ஒட்டுவதே பெரும்பாலும் காரணம். ஆகவே, அந்த உறவைப் பற்றி இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தாள்களைச் சேர்த்தல்

செய்தித்தாள், பாடப்புத்தகங்களுக்கு அட்டை போடும் பழுப்புத் தாள், திருமண அழைப்பிதழ்கள், பரிசுப் பொருள்களைச் சுற்றிவரும் மெல்லிய டிஷ்யூ தாள், ஜெராக்ஸ் எடுத்ததில் வீணான தாள்கள் ஆகியவை இந்தச் சித்திரத்திற்குப் போதுமானவை. ஒரு தாளைக் கையில் எடுத்ததும் அதில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பார்க்காமல், சற்றுத் தள்ளி வைத்து, அது எதைப் போலத் தோன்றுகிறது என்று பாருங்கள். சிறிய எழுத்துகள் நெருக்கமாக அச்சான வரிவிளம்பரப் பக்கம், தொலைவிலிருந்து நோக்கினால் வெளிர்சாம்பல் நிறமாகவே தெரியும். மழைக்கு முந்தைய வானத்திற்கு அதைவிடப் பொருத்தமான தாளை நான் கண்டதில்லை. 1912ஆம் ஆண்டில் பிரான்சில் ழார்ஜ் பிராக் என்ற ஓவியர், மரத்தின் ரேகைகளைப் போல அச்சிடப்பட்ட சுவர்த்தாளை வெட்டித் தம் சித்திரத்தில் ஒட்டி, மரத்தை வரையாமலேயே மரத்தைக் கொண்டுவந்தார். அதே ஆண்டில் அவருடைய நண்பர் பாப்லோ பிக்காசோ, பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிடப்பட்ட எண்ணெய்த்துணியை ஓவியத்தில் ஒட்டினார். அவர்கள் அன்று செய்ததைத்தான் நாம் வரிவிளம்பரத்தை வானமாக்கிச் செய்யப் போகிறோம்.

செய்தித்தாளில் மரக்கூழின் லிக்னின் என்ற மரப்பொருள் நீக்கப்படாமல் தங்கிவிடுவதால், ஒளியும் காற்றும் பட்டு அது சில மாதங்களிலேயே பழுக்கத் தொடங்கும். ஏரிக்கரைக் காட்சிக்கு அந்தப் பழுப்பு அழகையே சேர்க்கும் என்பது என் கருத்து. நிறம் மாறக் கூடாது என்று விரும்புபவர்கள் அந்தப் பக்கத்தை நல்ல வெள்ளைத் தாளில் ஜெராக்ஸ் எடுத்துப் பயன்படுத்தலாம். குடும்பப் புகைப்படங்களைச் சேர்க்க விரும்பினாலும் மூலப்படத்தை வெட்டாமல் ஜெராக்ஸ் பிரதியையே வெட்டுங்கள்.

எந்தத் தாளையும் பயன்படுத்தும் முன் அதன் மையைச் சோதிக்க வேண்டும். ஈர விரலால் ஓரத்தில் தேய்த்துப் பார்த்து, விரலில் நிறம் ஒட்டினால் அந்தத் தாள் பசை பட்டதும் கரையும் என்று கொள்ளலாம். வீட்டுப் பிரிண்டர்களில் இங்க்ஜெட் வகையில் எடுத்த பிரதிகள் பெரும்பாலும் கரையும். ஜெராக்ஸ், லேசர் பிரதிகளின் மை பொடியாக உருகிப் படிந்தது என்பதால் கரையாது. என் தங்கையின் திருமணத்திற்காகக் கையால் எழுதப்பட்ட அழைப்பு ஒன்றை, அதன் ஒரே பிரதியை, இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒட்டி எழுத்துகள் அனைத்தையும் இழந்தேன். அந்த இழப்பு இன்றும் மனத்தை விட்டு அகலவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு வலியுறுத்திச் சொல்கிறேன்.

தாளின் போக்கை அறிதல்

ஒரு செய்தித்தாளை எடுத்து மேலிருந்து கீழாகவும், பிறகு இடமிருந்து வலமாகவும் கிழித்துப் பாருங்கள். ஒரு திசையில் அது கோடு போட்டாற்போல நேராகக் கிழியும். மறு திசையில் கோணல்மாணலாக ஓடும். ஆலையில் தாள் தயாராகும்போது நார்கள் இயந்திரம் ஓடும் திசையில் படிவதே இதற்குக் காரணம். நேராகக் கிழியும் திசைதான் நாரின் போக்கு. ஒவ்வொரு நாரும் ஈரத்தை உறிஞ்சி நீளத்தில் அதிகம் வளராமல் பருமனில் உப்புகிறது. ஆகவே தாள் முழுவதும் நாரின் போக்குக்குக் குறுக்காகவே விரியும். பசை தடவிய தாள் இவ்வாறு விரிந்த நிலையில் அட்டையில் ஒட்டிக்கொண்டு, காயும்போது மீண்டும் சுருங்கும். அந்தச் சுருக்கம் அட்டையையே இழுத்து வளைத்துவிடும். மறுநாள் காலையில் சித்திரம் பொரித்த அப்பளத்தைப் போல வளைந்து கிடப்பதன் காரணம் இதுதான்.

இதற்குப் புத்தகம் கட்டுபவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் தீர்வு எளிமையானது. அட்டையின் முன்புறம் தாள் ஒட்டினால் பின்புறமும் ஒரு தாள் ஒட்ட வேண்டும். இரு தாள்களின் நாரும் ஒரே திசையில் ஓட வேண்டும். இரு பக்கமும் சமமாக இழுப்பதால் அட்டை நேராக நிற்கும்.

பசை

மைதாப் பசையை வீட்டிலேயே காய்ச்சலாம். மூன்று மேசைக்கரண்டி மைதாவைச் சிறிது குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் 200 மில்லி லிட்டர் நீர் வரும்படி சேர்த்து, சிறு தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். பால் போல வெள்ளையாக இருந்த கரைசல் கெட்டியாகி, சற்றே கண்ணாடித்தன்மை பெறும்போது இறக்கிவிடலாம். ஆறிய பின் ஆடை படிந்திருந்தால் எடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள்கள் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும். இந்தப் பசை மெதுவாகக் காய்வதால், ஒட்டிய தாளைச் சற்று நகர்த்திச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். பழகுபவருக்கு அது பெரிய உதவி.

இதன் குறை ஒன்றே: மாவுப்பசையை இராமபாணப் பூச்சி விரும்பி உண்ணும். சுவரொட்டி ஒட்டுபவர்களும் புத்தகம் கட்டுபவர்களும் பூச்சியைத் தடுக்க மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது வழக்கம். அது நஞ்சு, சமையலறையில் காய்ச்சும் பசையில் ஒருபோதும் சேர்க்காதீர்கள். பல ஆண்டுகள் வைத்திருக்க எண்ணும் சித்திரத்திற்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையைப் பயன்படுத்துங்கள். இரண்டு பங்கு பசைக்கு ஒரு பங்கு நீர் கலந்தால் தூரிகையால் தடவ எளிதாக இருக்கும். டிஷ்யூ தாளுக்குச் சம அளவு நீர் கலக்கலாம்.

அட்டையை ஆயத்தப்படுத்துதல்

நாட்காட்டி அட்டையிலிருந்து தேதிக்கட்டைப் பிடித்திருந்த கம்பிப் பின்களைக் கத்திமுனையால் நெம்பி எடுத்துவிட்டு, ஏ4 அளவில் வெட்டிக்கொள்ளுங்கள். தெய்வப் படத்தின் மேல் பசை தடவ மனம் ஒப்பாதவர்கள், அந்தப் பகுதியை விலக்கிவிட்டு மற்ற இடத்தை வெட்டலாம். மேற்பரப்பு பளபளப்பாக இருந்தால் பசை பிடிக்காது. உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து மினுக்கத்தைப் போக்க வேண்டும். பிறகு இரு பக்கமும் பழுப்புத் தாளை ஒட்டிக் காயவிடுங்கள்.

ஒட்டாமல் அடுக்கிப் பார்த்தல்

இந்தக் கட்டத்தில் பசைக் கிண்ணத்தை எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். முழுச் சித்திரத்தையும் முதலில் ஒட்டாமலேயே அடுக்கிப் பார்க்க வேண்டும். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான்.

வானத்திற்கான வரிவிளம்பரத் தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். வண்ணம் அச்சான தாளைக் கிழிக்கும்போது, பிரியும் இரண்டு துண்டுகளில் ஒன்றின் ஓரத்தில் அச்சில்லாத வெள்ளை விளிம்பு தெரியும், மற்றதில் தெரியாது. இழுக்கும் திசையை மாற்றினால் விளிம்பும் இடம் மாறும். நீர்ப்பரப்பில் அலையின் மினுமினுப்பைக் காட்ட அந்த வெள்ளை விளிம்பு போதும். எனவே ஏரிக்கு நீலமும் சாம்பலும் கலந்த விளம்பரத் தாள்களை ஒல்லியான படுக்கைப் பட்டைகளாக வெள்ளை விளிம்புடன் கிழித்து, ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி வையுங்கள். கரையை அட்டையின் நடுவில் வைக்காமல், கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைத்தால் பனைகள் ஓங்கி நிற்க வானம் இடங்கொடுக்கும்.

பனைமரத்தின் உடலுக்கு, ஜெராக்ஸ் தாளில் கறுப்பு படிந்த பகுதிகள் பொருத்தமானவை. அவற்றைச் சற்றுக் கசக்கி விரித்தால் மரத்தின் சொரசொரப்பு வந்துவிடும். ஓலைக்குப் பச்சை அழைப்பிதழை அரைவட்டமாக வெட்டி, விசிறியைப் போல மடித்து விரித்து, விளிம்பில் கூரிய பற்களாகக் கத்தரியுங்கள். தென்னை ஓலையைப் போல நீண்ட கீற்றாக வெட்டிவிட்டால் அது பனையாகாது. பச்சை ஓலைகளுக்குக் கீழே காய்ந்து தொங்கும் காவோலைகளைப் பழுப்புத் தாளில் வெட்டிச் சேர்க்க மறவாதீர்கள். பனையைப் பார்த்து வளர்ந்தவர்களின் கண் முதலில் தேடுவது அதைத்தான். மூன்று மரங்களையும் சம இடைவெளியில் நிறுத்தாமல், இரண்டை அருகருகே வைத்து ஒன்றைத் தள்ளி நிறுத்துங்கள்.

சாந்திநிகேதனைச் சேர்ந்த ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி, 1950களின் பிற்பகுதியில் பார்வையை முற்றிலும் இழந்த பிறகும் வண்ணத்தாள்களை வெட்டி ஒட்டிச் சித்திரங்கள் படைத்தார். அவற்றில் நுணுக்கமான துணுக்குகளைவிடத் தெளிவான விளிம்பு கொண்ட பெரிய வடிவங்களே சித்திரத்தைத் தாங்குகின்றன. உங்கள் அடுக்கிலும் சிறிய துண்டுகள் மிகுந்து குழப்பமாகத் தோன்றினால், பாதியை எடுத்துவிட்டுப் பாருங்கள். மனத்திற்கு நிறைவான அமைப்பு கிடைத்ததும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, துண்டுகளின் பின்புறம் பென்சிலால் எண் இட்டு, ஒட்டும் வரிசையில் அடுக்கி வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு இவ்வளவையும் செய்யுங்கள்.

ஒட்டுதல்

தொலைவில் இருப்பது முதலிலும் அருகில் இருப்பது இறுதியிலும் ஒட்டப்பட வேண்டும்: வானம், நீர், கரை, மரங்கள். ஒவ்வொரு துண்டின் பின்புறமும் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பசையைத் தடவி, அரை நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். தாள் விரிய வேண்டிய அளவு அதற்குள் விரிந்துவிடும். உடனே ஒட்டினால் அட்டையின் மேல் விரிந்து சுருக்கங்களாக எழும்பும். பிறகு நடுப்பகுதியை முதலில் படியவிட்டு, பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளிப்புறமாக நீவுங்கள். காற்றுக் குமிழ் சிக்கினால் ஊசியால் ஒரு துளையிட்டு அழுத்துங்கள்.

டிஷ்யூ தாளுக்கு மட்டும் முறை வேறு. அதன்மேல் பசை தடவினால் கிழிந்துவிடும் என்பதால், அட்டையில் நீர்த்த பசையைத் தடவி, உலர்ந்த டிஷ்யூவை அதன்மேல் மெல்ல இறக்க வேண்டும். ஏரியின் மேல் வெள்ளை டிஷ்யூவை இவ்வாறு படியவிட்டால் அடியிலுள்ள நிறங்கள் மங்கித் தெரிந்து, விடியற்காலை மூடுபனி நீரில் இறங்கியது போன்ற தோற்றம் கிடைக்கும்.

எல்லாம் ஒட்டிய பின் அரை மணி நேரம் காற்றாட விட்டு, மேலும் கீழும் பாலித்தீன் தாள் வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் கூடுதலாகத் தேவைப்படலாம்.

வண்ணம் சேர்த்தல்

தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த கலவையால் புடைப்பு வேலை செய்து, கற்களும் தங்கத் தகடும் பதித்த பிறகே வண்ணம் தீட்டுகிறார்கள். நாமும் ஒட்டுவேலை முழுவதும் காய்ந்த பிறகே தூரிகையைத் தொட வேண்டும். அக்ரிலிக் வண்ணம் காய்ந்தபின் நீரில் கரையாது. போஸ்டர் கலர் மறுபடியும் ஈரம் பட்டால் கரைந்து கலங்கும். ஆகவே போஸ்டர் கலரைப் பயன்படுத்தினால் அதன்மேல் எதையும் ஒட்டாதீர்கள்.

வெள்ளை அக்ரிலிக்கை நிறைய நீர் சேர்த்து நீர்க்கச் செய்து, வானத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு முறை தடவினால் எழுத்துகள் பின்வாங்கித் தொலைவு கூடும். மரங்களின் நிழலை நீரில் அடர்நீலத்தால் நடுங்கும் கோடுகளாக இடுங்கள். ஆயில் பேஸ்டல் எனப்படும் எண்ணெய் மெழுகுக்கட்டியைக் கடைசியாகவே பயன்படுத்த வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் நீர்வண்ணம் நிற்காமல் உருண்டோடும். கரையோரப் புல்லுக்கு அதன் மஞ்சளும் பச்சையும் மிகவும் பொருந்தும். பழைய பருத்தி நூலைப் பசையில் தோய்த்து நீரின் விளிம்பில் ஒட்டினால், பக்கவாட்டு வெளிச்சத்தில் அதன் நிழல் விழுந்து கரை தனித்து எழும்.

பாதுகாத்தல்

சட்டமிடும்போது கண்ணாடி சித்திரத்தைத் தொடாதபடி சுற்றிலும் அட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள். ஒட்டிக்கிடந்தால் ஈரக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். நேர்வெயில் விழும் சுவரைத் தவிருங்கள். அழைப்பிதழின் மூலையில் தடவிய மஞ்சள் ஒளியில் விரைவில் வெளுத்துவிடும். சட்டமிடக் கொடுக்கும் முன் அட்டையின் பின்புறத்தில் பென்சிலால் தேதியையும், யாருடைய திருமண அழைப்பிதழ் எந்தப் பனையின் ஓலையாக நிற்கிறது என்பதையும் எழுதி வையுங்கள்.