சீனப் பெயருக்குப் பொருள் பார்ப்பது எப்படி?

கிளினிக் கவுன்டரில் பெயர் கூப்பிடுகிற வேலை எனக்கு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: சீனப் பெயருக்குப் பொருள் வேண்டுமென்றால் ஆங்கில எழுத்தில் தட்டித் தேடாதீர்கள். ‘வெய்’ என்ற ஒரே ஒலிக்கு மகத்தானது, ஒரு செடி, ஒரு வகை ஜேட் கல் என்று பல எழுத்துகள் உண்டு. போதாக்குறைக்கு இங்கே சிங்கப்பூரில் கிளைமொழி வேறு. ஹொக்கியனில் டான், கான்டனீஸில் சான், மாண்டரினில் சென்: மூன்றும் ஒரே குடும்பப் பெயர்.

ஆகவே முதலில் எழுத்தைப் பிடியுங்கள். அடையாள அட்டையில் பெரும்பாலும் இருக்கும், கல்யாணப் பத்திரிகையிலும் இருக்கும். நேரிலேயே கேட்டாலும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வயதான ஆன்ட்டிகள் உள்ளங்கையில் விரலால் எழுதியே காட்டிவிடுவார்கள். “மு ஸி லி” என்பார்கள். மேலே மரம், கீழே பிள்ளை, சேர்ந்தால் லீ. லிம் குடும்பத்தார் “ஷுவாங் மு லின்” என்பார்கள், அதாவது இரட்டை மரம். விரல் போன போக்கை ப்ளீக்கோ என்ற சீன அகராதிச் செயலியில் அப்படியே கிறுக்குங்கள், எழுத்தும் பொருளும் வந்துவிடும்.

முதலில் வருவது குடும்பப் பெயர். அதற்குப் பொருள் தேடி மெனக்கெட வேண்டாம். பின்னால் வரும் ஒன்றிரண்டு எழுத்துகளில்தான் பெற்றோரின் ஆசை இருக்கிறது. சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூ பெயரில் குவான் என்றால் ஒளி, இயூ என்றால் சுடர்வது. தம்பிகள் கிம் இயூ, தியாம் இயூ, சுவான் இயூ. அந்த ‘இயூ’ அண்ணன் தம்பிகளுக்குப் பொது. தலைமுறை எழுத்து என்பது இதுதான். அடுத்த தலைமுறையில் மகன்கள் சியன் லூங், சியன் யாங் இருவருக்கும் ‘சியன்’ பொது. லூங் என்றால் டிராகன். சியன் லூங் பிறந்த 1952 டிராகன் ஆண்டு. மகள் வெய் லிங்கின் இரண்டு எழுத்துகளிலும் இடப்பக்கம் ஜேட் கல்லின் குறி நிற்கும். லிங் என்பது ஜேட் துண்டுகள் உரசும் கிணுகிணு ஓசை. எனக்கு ரொம்பப் பிடித்த எழுத்து அது.

இப்படி ஓரத்துக் குறியைக் கவனித்தாலே பாதி விளங்கிவிடும். தலையில் புல் இருந்தால் செடிகொடி, பக்கத்தில் மூன்று சொட்டு இருந்தால் நீர். நீர் வந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். ஜாதகத்தில் நீர் குறைவு என்று ஜோசியர் சொல்லி வைத்த எழுத்தாகவும் இருக்கலாம், நம்மவர்கள் நட்சத்திர எழுத்து பார்ப்பது போல. அந்தக் காரணம் அகராதியில் இருக்காது. எழுத்தைக் கேட்கும்போதே பெயர் வைத்தது யார், தாத்தாவா ஜோசியரா என்றும் கேட்டு வையுங்கள்.