ஒரே பழைய கணினி, டிரைவுக்கு ஒரு இயங்குதளம்: பூட் செய்வது எப்படி?

பென்டியம் காலத்துக் கணினி ஒன்றில் ஃப்ரீடாஸ் (டாஸின் இலவச மாற்று), எம்எஸ்-டாஸ் 6.22, எல்க்ஸ் (பழைய கணினிகளுக்கான சிறிய லினக்ஸ்) ஆகிய மூன்று இயங்குதளங்களையும் வைத்துக்கொள்ள ஆசையா? ஒரே ஹார்டு டிஸ்கைக் கூறுபோடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவ் கொடுங்கள். அப்போதுதான் ஒன்றை நிறுவும்போது இன்னொன்றின் பூட் செக்டர் (இயங்குதளத்தை எழுப்பும் நிரல் இருக்கும் பகுதி) அழியாது.

தேவையானவை: காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு 2, அவற்றை ஐடிஇ-யில் (பழைய ஹார்டு டிஸ்க் இணைப்பு) பொருத்தும் அடாப்டர் 2, 40 பின் கேபிள் 2, 1.44 எம்பி பிளாப்பி டிரைவ் (எல்க்ஸ் இதிலிருந்து எழும்), நிறுவல் பிளாப்பிகள், புது சிஆர்2032 பேட்டரி (பயாஸ் அமைப்புகள் மறக்காமலிருக்க). கார்டு 512 எம்பி போதும். பயாஸ் என்பது கணினியை எழுப்பும் அடிப்படை நிரல். எல்பிஏ (செக்டர்களை வரிசை எண்ணால் குறிக்கும் முறை) தெரியாத பழைய பயாஸ் 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் வரைதான் எண்ணும். அது ஏறத்தாழ 528 மில்லியன் பைட். 512 எம்பி கார்டு அதற்குள் அடங்கிவிடும்.

முதலில் பயாஸ் செய்வதைப் புரிந்துகொள்ளுங்கள்

கணினி எழும்போது பயாஸ் டிஸ்கின் முதல் செக்டரை, அதாவது 512 பைட்டை, நினைவகத்தில் ஏற்றுகிறது. பயாஸின் கணக்கில் பிளாப்பிக்கு எண் 0. முதல் ஹார்டு டிஸ்க் ஹெக்ஸில் (16 அடிமான எண்முறையில்) 80, இரண்டாவது 81. எம்எஸ்-டாஸின் பூட் செக்டரிலேயே 80 என்ற எண் பதிந்திருக்கும். அதனால் அந்த டிஸ்கை இரண்டாவதாக மாட்டிச் சும்மா எழுப்பினால், அது தன் கோப்புகளைப் பக்கத்து டிஸ்கில் போய்த் தேடும். சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

படி 1: வயரிங்

மின்சாரத்தைத் துண்டித்து, கணினிப் பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இரண்டு கார்டையும் ஒரே கேபிளில் மாட்டாதீர்கள். ஒரு கேபிளில் முதல் டிரைவ் மாஸ்டர், இரண்டாவது ஸ்லேவ்; சில கார்டுகள் ஸ்லேவாக ஒழுங்காக வேலை செய்வதில்லை. போர்டின் முதல் ஐடிஇ இணைப்பில் ஒன்று (பிரைமரி மாஸ்டர்), இரண்டாவதில் இன்னொன்று (செகண்டரி மாஸ்டர்). சிடி டிரைவ் இருந்தால் அதை செகண்டரி ஸ்லேவாக வையுங்கள். கேபிளின் சிவப்புக் கோடு 1-ஆம் பின் பக்கம் இருக்க வேண்டும். அடாப்டரில் வோல்டேஜ் ஜம்பர் இருந்தால் 5 வோல்ட்டில் வையுங்கள்.

படி 2: தனித்தனியாக நிறுவுதல்

முதல் கார்டை மட்டும் பிரைமரியில் மாட்டி, பயாஸில் அதைக் கண்டறியச் செய்யுங்கள். எந்த முறையில் (நார்மல் அல்லது எல்பிஏ) கண்டறிந்தது என்று எழுதி வையுங்கள். இது பின்னால் உதவும். ஃப்ரீடாஸ் பிளாப்பியில் எழுப்பி, டிஸ்கைப் பிரிக்கும் நிரலான எஃப்டிஸ்கில் ஒரு பிரைமரி பார்ட்டிஷன் (டிஸ்கின் ஒரு பிரிவு) உருவாக்கி, அதை ஆக்டிவ், அதாவது பூட் செய்யும் பிரிவு, ஆக்குங்கள். ஃபேட்32 (டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் ஒரு முறை) வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எம்எஸ்-டாஸ் 6.22-க்கு ஃபேட்32 தெரியாது, ஃபேட்16 தெரியும். இரண்டும் மற்றதன் கோப்புகளைப் படிக்க இதுதான் வழி. பிறகு மறுபடி எழுப்பி, ஃபார்மட் செய்து, நிறுவுங்கள்.

அணைத்துவிட்டு அந்தக் கார்டைக் கழற்றுங்கள். இரண்டாவது கார்டை அதே பிரைமரி இடத்தில் மாட்டி, எம்எஸ்-டாஸை இதே போல நிறுவுங்கள். இந்தச் சிரமம் அவசியம். எம்எஸ்-டாஸின் எஃப்டிஸ்க், முதல் டிஸ்கில் இருக்கும் பார்ட்டிஷனை மட்டுமே ஆக்டிவ் ஆக்கும். முடிந்ததும் அதைச் செகண்டரிக்கு மாற்றி, முதல் கார்டைப் பழைய இடத்தில் வையுங்கள். பயாஸில் இரண்டுக்கும் முன்பு எழுதிவைத்த அதே முறை இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: எதை எழுப்புவது

பூட் வரிசை ‘ஏ, சி’ என்றிருந்தால், பிளாப்பி இல்லாதபோது ஃப்ரீடாஸ் வரும். எல்க்ஸ் பிளாப்பியைப் போட்டால் எல்க்ஸ் வரும். அதன் இமேஜைச் செக்டர் செக்டராக எழுத வேண்டும். கோப்பாக நகலெடுத்தால் பூட் ஆகாது.

எம்எஸ்-டாஸை எழுப்ப, சற்றுப் பிந்தைய பயாஸ்கள் சிலவற்றில் ‘டி, ஏ, ஸ்கஸி’ என்ற வரிசை இருக்கும். அதைத் தேர்ந்தால் பயாஸ் எண்களை மாற்றிப் போட்டு, இரண்டாவது டிஸ்கை 80 ஆக்கிவிடும். எம்எஸ்-டாஸ் தன்னை சி: என்றே காணும், ஆட்டோஎக்செக் கோப்பில் உள்ள பாதைகள் எதையும் திருத்த வேண்டாம். ஃப்ரீடாஸ் கார்டு அப்போது டி: ஆகத் தெரியும்.

அந்த வரிசை இல்லாத போர்டுக்கு எந்த டிஸ்கை எழுப்புவது என்று மெனுவில் கேட்கும் ஸ்மார்ட் பூட் மேனேஜர் நிரலின் பிளாப்பி ஒன்று தயாரியுங்கள். மெனுவில் இரண்டாவது டிஸ்கைத் தேர்ந்து, டிரைவ் எண்ணை மாற்றிக்கொள்ளும் வசதியை அதற்கு இயக்குங்கள். இந்த ஒரு தேர்வை மறந்தால் மேலே சொன்ன தேடல் கோளாறு வந்துவிடும்.

கோளாறு வந்தால்

‘மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்’ என்று வந்தால், பெரும்பாலும் கார்டு வேறு கணினியில் பார்ட்டிஷன் செய்யப்பட்டிருக்கும், அல்லது நார்மலும் எல்பிஏவும் மாறியிருக்கும். ஹெட் கணக்கு பொருந்தாததால் பூட் செக்டரை வேறிடத்தில் தேடுகிறது. பழைய கணினியிலேயே பார்ட்டிஷன் செய்வதுதான் நிம்மதி.

கருந்திரையில் கர்சர் மட்டும் மினுக்கினால், கார்டின் முதல் செக்டரில் பூட் நிரல் இல்லாமலிருக்கலாம். புதுக் கார்டில் இது சகஜம். அந்தக் கார்டை மட்டும் பிரைமரியில் மாட்டி, எம்பிஆர் விருப்பத்தோடு (முதல் செக்டரில் பூட் நிரலை எழுதுவது) எஃப்டிஸ்கை ஓட்டுங்கள். இரண்டையும் மாட்டி ஓட்டினால் அது முதல் டிஸ்கில்தான் எழுதும்.

பிளாப்பி விளக்கு அணையாமல் எரிந்தால் கேபிள் தலைகீழ். கணினியை அணைத்து, ஒரு முனையை மட்டும் திருப்பி மாட்டுங்கள்.