மாடித் தொட்டியில் முடக்கத்தானும் பிரண்டையும்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வயலுக்கு மட்டுமல்ல, பால்கனித் தொட்டிக்கும் பொருந்தும். ஜூலை நடுவில் விதைத்தால், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது செடி நன்றாக வேர் பிடித்திருக்கும்.

இடம் குறைவு என்றால் முதலில் முடக்கத்தானை வையுங்கள். வேலியோரம் தானாகவே வளரும் நம் ஊர்க் கொடி, பூச்சிமருந்து கேட்காது. காய்ந்த காயைக் கசக்கினால் காகிதம்போல நொறுங்கும். உள்ளே மிளகளவு கறுப்பு விதை மூன்று, ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஓர் இதய வடிவம். பார்க்கவே அவ்வளவு அழகு! இரவு முழுக்க ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். ஏற ஒரு கயிறு போதும், பால்கனிக் கம்பியே பந்தல்.

அப்புறம் பிரண்டை. இரண்டு கணு உள்ள துண்டாக வெட்டி, நிழலில் இரண்டு நாள் வாடவிட்டு, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். பச்சையாக நட்டால் வெட்டுவாய் அழுகிவிடும். துவையலுக்கு நறுக்கும்போது கை அரிக்கும், நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

மண்ணுக்குச் செம்மண், மணல், மட்கிய தொழு உரம் சம அளவு. தேங்காய் நார்க்கழிவை மழைக்காலத்தில் அதிகம் சேர்க்காதீர்கள், ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மழை தொடங்கியதும் தொட்டிக்கு அடியிலுள்ள தட்டை எடுத்துவிட்டு, இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். தண்ணீர் வடியும், கொசுவும் சேராது.