எட்டுக் கோப்பைச் சோதனை

இரண்டு தேயிலைத் தூள்களைச் சுவைத்தே பிரித்துவிடுவேன் என்று வீட்டில் யாராவது அடித்துச் சொன்னால் வாதாடாதீர்கள். தூளுக்கு நான்காக எட்டுக் கோப்பை போடுங்கள். அந்தக் கணக்கை அவரிடமும் சொல்லிவிடலாம். வரிசையை மட்டும் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்ய வேண்டும். மனம்போன போக்கில் அடுக்கினால் அதிலும் ஓர் ஒழுங்கு புகுந்துவிடும். பரிமாறுபவருக்கும் எது எதுவென்று தெரியக்கூடாது, முகமே காட்டிக்கொடுத்துவிடும். சூடும் சர்க்கரையும் ஒன்றுபோல் இருக்கட்டும்.

தேநீரில் பாலை முதலில் ஊற்றினார்களா என்று சொல்வேன் என்ற மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண் ஆய்வாளரை முன்வைத்து, இங்கிலாந்துப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் வகுத்த முறை இது. எட்டையும் குருட்டாம்போக்கில் சரியாகப் பிரிக்க 70-இல் ஒரு வாய்ப்புதான். தூளுக்கு ஒன்றாக ஒரு சோடிக் கோப்பை மட்டும் இடம் மாறிப்போனால்? அந்த அளவு வெற்றி வெறும் அதிர்ஷ்டத்திலேயே ஏறக்குறைய நான்கில் ஒரு முறை கிடைத்துவிடும். மறுபடி எட்டுக் கோப்பை போடவேண்டியதுதான்.