வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் மனை: நான் கோட்டை விட்ட இடங்கள்

போன மாதம் அண்ணன் மகன் சிங்கப்பூரில் இருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். புரோக்கர் பைக்கில் உட்கார்ந்தபடியே எடுத்தது. செம்மண் ரோடு, வரிசையாக மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள், தூரத்தில் இரண்டு பனைமரம். "சித்தப்பா, டோக்கன் அட்வான்ஸ் போட்டுட்டேன். இப்ப வாங்கிப் போட்டா பத்து வருஷம் கழிச்சு வந்து வீடு கட்டிக்கலாம்ல?" என்று கேட்டான்.

2008-இல் சிங்கப்பூர் ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு நானும் இதையேதான் சொன்னேன். மனையின் அளவுகூட அதேதான், 30-க்கு 40. அவனைத் திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

போலிப் பத்திரம், தாய்ப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுவது, 30 வருட வில்லங்கம் போட்டுப் பார்ப்பது, இதெல்லாம் இப்போது எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். இடம் வாங்குவதற்கும் வீடு கட்டுவதற்கும் நடுவில் பத்து வருடம் கிடக்கிறதே, ஆளில்லாத அந்தப் பத்து வருடத்தில் நடப்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மே மாதத்தில் பார்த்த மனை

லீவு கோடையில்தான் கிடைக்கும். கோடையில் கடலூர் மாவட்டத்தில் எல்லா மனையும் மேட்டு மனைதான். அதே இடத்தை ஐப்பசி, கார்த்திகையில் பார்த்தால்தான் அது மனையா குட்டையா என்று தெரியும்.

இங்கே தென்பெண்ணையும் கெடிலமும் பரவனாறும் கடலில் சேர்கின்றன. மேற்கே பெய்த மழை நம் தலையில் வந்து விடியும் ஊர் இது. 2015 நவம்பர், டிசம்பரில் மாவட்டமே மிதந்தது. 2024-இல் ஃபெஞ்சல் புயல் கரையேறி மழை விட்ட பிறகு, சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி வந்து நாணமேடு, தாழங்குடா பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. மழை நின்றுவிட்டதே என்று நிம்மதியாகப் படுத்தவர்கள் அவர்கள்.

நேரில் வர முடியாவிட்டால் அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் நாலு பேரிடம் யாரையாவது விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்: 2015-இல் தண்ணீர் எதுவரை வந்தது, 2024-இல் எதுவரை வந்தது. அவர்கள் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். புரோக்கரிடம் மட்டும் கேட்காதீர்கள்.

இன்னொன்று. வருடத்துக்கு வருடம் ரோடு போடும்போது ரோட்டின் மட்டம் ஏறிக்கொண்டே போகும். வாங்கும்போது ரோட்டுக்குச் சமமாக இருந்த என் மனை, கட்டப் போனபோது ஒன்றரை அடி பள்ளத்தில் கிடந்தது. கிராவல் அடித்த செலவு கணக்கிலேயே இல்லாதது.

பத்திரம் ஆன மறுவாரமே விமானம் ஏறியது

பதினேழு வருடம் ஆகிவிட்டது. இதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

கடலூரில் இருந்து நெல்லிக்குப்பம் போகும் வழியில், கரும்புக் கொல்லையை அழித்துப் போட்ட மனைப்பிரிவு. "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று போர்டு. பத்திரம் என் பெயரில் பதிவானது. சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில் டீ குடித்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது எனக்கு ஒரு மாத லீவு. அந்த ஒரு மாதத்தில் மூன்று கல்யாணம், ஒரு திருப்பதி, சில்வர் பீச்சில் ஏழெட்டு சாயங்காலம். தாலுகா அலுவலகத்துக்கு ஒரே ஒரு நாள் போயிருக்கலாம். போகவில்லை. பட்டா மாற்றவில்லை.

பத்திரம் பதிவுத்துறையின் விஷயம், பட்டா வருவாய்த்துறையின் விஷயம். பத்திரம் பதிவான செய்தி பட்டாவுக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நான் நினைத்தேன். அந்தக் காலத்தில் அப்படிப் போகாது. கொல்லை முழுவதும் ஒரே சர்வே எண், ஒரே பட்டா, பழைய சொந்தக்காரர் பெயரில். அதில் நாற்பது பேர் மனை வாங்கியிருந்தோம். அரசாங்கக் கணக்கில் அது அப்போதும் ஒரு கரும்புக் கொல்லை, சொந்தக்காரர் ஒருவரே.

2017-இல் கட்டலாம் என்று வந்தேன். வீட்டுக் கடனுக்கு வங்கியில் பட்டா கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால், பழைய சொந்தக்காரர் காலமாகி, அவருடைய வாரிசுகள் ஐந்து பேர் பெயரில் கூட்டுப் பட்டா ஆகியிருந்தது. அவர்களில் ஒருவர் அந்தப் பட்டாவைக் காட்டி, மனைப்பிரிவின் ஓரமாக மிச்சம் கிடந்த துண்டை ஒருவருக்கு விற்றிருந்தார். துண்டின் அளவைப் பட்டாக் கணக்கில் இருந்து எடுத்தார்களே தவிர, எங்கள் மனைகளைக் கழித்துப் பார்க்கவில்லை. வாங்கியவர் பத்திரத்தில் போட்ட அகலம் வரவேண்டும் என்பதற்காக என் பக்கம் 8 அடி தள்ளி முள்வேலி போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவரும் மஸ்கட்டில் இருந்து மகன் அனுப்பிய பணத்தில் வாங்கியவர். கையில் பதிவான பத்திரம் வைத்திருந்தார், என்னைப் போலவே.

இதை வில்லங்கச் சான்றில் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள்தான் வரும். துண்டு விற்ற பத்திரம் வேண்டுமானால் அதில் தெரிந்திருக்கும். பட்டா யார் பெயரில் மாறியது, வேலி எங்கே நகர்ந்தது என்பதெல்லாம் அதில் வராது.

அப்புறம் தாசில்தார் விசாரணை, வாரிசுகளில் ஒருவரின் ஆட்சேபணை, கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. இதற்கு நடுவே இன்னொரு பூதம். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைப்பிரிவுகளை வரன்முறை செய்துகொள்ளலாம் என்று அடுத்த வருடம் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடம் அங்கீகாரமே அல்ல, நகர் ஊரமைப்பு இயக்ககம்தான் தர வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சரி, அதற்கும் கட்டணம் கட்டி, வரிசையில் நின்று, நடுவில் கொரோனா வேறு வந்து, கடைசியில் வேலிக்காரரும் நானும் உட்கார்ந்து பேசி முடித்தோம். அவர் 5 அடி பின்வாங்கினார், நான் 3 அடி விட்டுக்கொடுத்தேன். பேச்சோடு விடாமல் அதையும் பத்திரமாகப் பதிவு செய்தோம். அந்த 3 அடியில் வர வேண்டிய மாடிப்படி இப்போது என் வீட்டு ஹாலுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அதில் ஏறித்தான் துணி காயப்போடுகிறேன்.

பட்டா உரிமை ஆவணம் அல்ல, அது வருவாய்ப் பதிவுதான் என்று வக்கீல்கள் சொல்வார்கள். சட்டப்படி அது சரி. நீதிமன்றத்தில் பத்திரம்தான் நிற்கும். ஆனால் வங்கிக் கடனுக்கும் கட்டட அனுமதிக்கும் பட்டாதான் கேட்கிறார்கள். பத்து வருடம் ஊரில் இல்லாத ஆளுக்கு, தன் மனைக்கு இன்னொருவர் உரிமை கொண்டாடுகிறாரா என்று தூரத்தில் இருந்தே பார்க்க அது ஒரு நல்ல கண்ணாடி.

இப்போது நிலைமை கொஞ்சம் தேவலை. சர்வே எண்ணைப் பிரித்து உட்பிரிவு செய்யத் தேவையில்லாத நிலமாக இருந்தால் பதிவு முடிந்ததும் பட்டா தானாகவே மாறிவிடுகிறது. உட்பிரிவு தேவை என்றால் சர்வேயர் வந்து அளந்தே ஆக வேண்டும். அந்த அளவைக்கு நீங்களோ உங்கள் ஆளோ அங்கே நிற்க வேண்டும். ஆகவே டோக்கன் போடுவதற்கு முன்பே, வருவாய்த்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டுப் பட்டாவையும் நிலத்தின் எல்லை காட்டும் புலப்படத்தையும் பாருங்கள். விற்பவர் பெயரும் பட்டாவில் இருக்கும் பெயரும் வேறாக இருந்தால், மாற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார்" என்பார்கள். அந்த அப்புறம் எனக்கு ஐந்து வருடம்.

பத்திரம் முடிந்ததும் பட்டா உங்கள் பெயரில், உங்கள் உட்பிரிவு எண்ணோடு வரும் வரை லீவை நீட்டுங்கள். முடியாவிட்டால் பதிவையே அடுத்த லீவுக்குத் தள்ளிப்போடுங்கள்.

மச்சான் கையில் ஜெனரல் பவர்

மச்சான் நல்லவராகவே இருக்கட்டும். மனையை விற்கும் அதிகாரம் வரை கொடுக்கும் பொது அதிகாரப் பத்திரம் எதற்கு? பட்டா மாற்ற, வரி கட்ட, அளவைக்கு நிற்க என்று வேலையைக் குறிப்பிட்டு ஸ்பெஷல் பவர் கொடுத்தால் போதும். வெளிநாட்டில் எழுதினால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். நான் அனுப்பியது அக்கா வீட்டு பீரோவில் புடவைக்கு அடியில் ஐந்து மாதம் பத்திரமாக இருந்தது.

பவரை மட்டும் வாங்கிக்கொண்டு மனையே வாங்கியதாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். விற்பனைப் பத்திரம் இல்லாமல் பவரை மட்டும் எழுதிக் கொடுத்து விற்பது விற்பனையே ஆகாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவரும் அவரோடு போய்விடும்.

"பாண்டிக்கு மிக அருகில்"

எந்தப் பக்கம் அருகில் என்று கேளுங்கள். கடலூரில் இருந்து பாண்டி போகும் ரோட்டில் ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, முள்ளோடை புதுச்சேரி. சாராயக்கடை போர்டுகளைப் பார்த்தாலே எல்லை தெரிந்துவிடும். உள்ளே பாகூர் பக்கம் போனால் அந்த வசதியும் கிடையாது, ஒரு வாய்க்காலைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும். இந்தப் பக்கம் நகர் ஊரமைப்பு இயக்ககம் என்றால் அந்தப் பக்கம் புதுச்சேரி நகர அமைப்புக் குழுமம். பதிவுக் கட்டணம் வேறு, நில ஆவண இணையதளம் வேறு. அளவும் வேறு. அங்கே பிரெஞ்சுக் காலப் பழக்கம், ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று எழுதுவார்கள். ஒரு ஆர் என்பது 100 சதுர மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட். வாய்ப்பேச்சில் குழிக்கணக்கு வந்தால், சதுர அடியில் எழுதித் தரச் சொல்லிவிடுங்கள். குழி ஊருக்கு ஊர் வேறு.

விவசாய நிலம்

வெளிநாட்டில் வாழும் இந்தியர் (என்.ஆர்.ஐ.) வாங்க முடியாது. பிரெஞ்சு பாஸ்போர்ட்டும், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டையும் வைத்திருக்கும் பாண்டிக்காரர்களும் வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். "வாங்கிட்டு மனையா மாத்திக்கலாம்" என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

பாதி பணம் கையில்

வேண்டாம். என்.ஆர்.ஐ.களுக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கில் இருந்து முழுத்தொகையும் போகட்டும்.

வீட்டு பிளான்

இப்போதே போடாதீர்கள். 2008-இல் நான் போட்ட பிளானில் கம்ப்யூட்டர் ரூம் இருந்தது, கார் நிறுத்த இடம் இல்லை.

கல்

அளந்து கல் நட்டுவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். தனியார் நிலத்தை அடுத்தவர் 12 வருடம் தனதென்று வெளிப்படையாக, இடைவிடாமல் அனுபவித்துவிட்டால், உங்கள் உரிமைக்கே சட்டப்படி வம்பு வரும். வெளிநாட்டில் 12 வருடம் என்பது நாலைந்து விசா புதுப்பிப்பு, அவ்வளவுதான். ஒவ்வொரு லீவிலும் ஒரு காலை நேரம் மனைக்குப் போய் முள்ளை வெட்டுங்கள், நாலு கல்லையும் தொட்டுப் பாருங்கள், தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். காலிமனை வரி உள்ள இடமானால் உங்கள் பெயரில் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கம்பிவேலிக்குப் பணம் இருந்தால் உடனே போடுங்கள்.

என் மனையின் நாலு கல்லில் மூன்றைத்தான் 2017-இல் கண்டுபிடிக்க முடிந்தது. நாலாவது பக்கத்து வீட்டுக் குழாயடியில் துணி துவைக்கிற கல்லாக இருந்தது. ஒரு பக்கத்தில் மஞ்சள் பெயின்ட் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவிடம் கேட்டேன். "உங்களுதா? எடுத்துட்டுப் போங்க தம்பி, இது வழுக்குது" என்றார்.