கார் கதவுக் கண்ணாடி மாற்றிய அனுபவம்
என் காரின் பின்கதவுக் கண்ணாடி உடைந்து கல்கண்டு போன்ற சிறு துண்டுகளாக இருக்கை முழுவதும் சிதறியபோது, மாடலையும் ஆண்டையும் மட்டும் சொல்லி வாங்கிய முதல் கண்ணாடி பொருந்தவில்லை. வளைவு சரியாகவே இருந்தது. ஆனால், ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரில் பிணைக்கும் அடிப்பக்கத் துளைகள் இரண்டும் இடம் மாறியிருந்தன. நான் கொடுத்த விவரம்தான் போதாது. மறுமுறை எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் கொண்ட சேசிஸ் எண்ணை, அதாவது காரின் தனி அடையாள எண்ணைக் கொடுத்து, எதிர்ப்பக்கக் கதவில் உடையாமல் இருந்த கண்ணாடியின் மூலையில் பொறித்திருந்த குறியீட்டையும் அதன் நிறச்சாயலையும் படம் எடுத்து அனுப்பி, வேண்டியது இடப்பக்கத்துக்கு என்பதையும் தெளிவாக எழுதினேன். சரியான கண்ணாடி வந்தது. அதைப் பொருத்துவதற்கு முன் கதவின் உட்பலகையைக் கழற்றி, அடியில் தங்கியிருந்த துண்டுகளை வேக்யூம் கிளீனரால் உறிஞ்சி எடுத்தேன். இதைத் தவிர்க்கவே கூடாது, ஏனெனில் ரப்பர் இடுக்கில் ஒரு துண்டு எஞ்சினாலும் புதுக் கண்ணாடியில் கீறல் விழலாம்.